மூணாவது கவர்

என் வீட்டில் ஒரு நீல நிற ஃபைல் இருக்கிறது. உள்ளே இருபது பிளாஸ்டிக் கவர்கள். முதுகில் ‘முதியோர் நலன்’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறேன். என் மனைவி அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ஊர்ப் பாரம்’. அலமாரியில் மற்றதையெல்லாம் தூசி தட்டுவாள். அதை மட்டும் நான்தான் தட்டிக்கொள்ள வேண்டும்.

1991-ல் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவன் நான். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. 31 வருடம் வெர்னியரும் மைக்ரோமீட்டருமாக உட்கார்ந்து, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் சிவப்புப் பெயின்ட் அடித்து ‘ரிஜெக்ட்’ என்று தள்ளிக்கொண்டிருந்தேன். 2022-ல் 58 முடிந்து வீட்டுக்கு வந்ததும் அதே வேலையைச் சமையலறையில் தொடர்ந்தேன். மூன்றாம் மாதம் மனைவி சொன்னாள்: “வெளியில எத்தனையோ பேர் கஷ்டப்படறாங்க. அவங்களுக்காவது போய் உபயோகமா இருங்களேன்.” அதை நான் சமூக சேவைக்கான அழைப்பு என்று எடுத்துக்கொண்டேன். அது வீட்டை விட்டுக் கிளப்பும் உத்தரவு என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீடுகள். ஒரு வரிசைக்குப் பத்துப் பன்னிரண்டு அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கோடியில் பொதுக் கழிப்பறை. முக்கால்வாசி அறைகளில் ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள். ஒரு ஷிப்டு எழுந்து போனதும் அதே பாயில் அடுத்த ஷிப்டு வந்து படுக்கும். மீதி அறைகளில் கிழவர்கள், கிழவிகள். ஓசூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு லேலண்ட் லாரி, டிவிஎஸ் வண்டி, டைட்டன் கடிகாரம், ரோஜாப்பூ என்று ஞாபகம் வரும். அந்தத் தொழிற்சாலைகளுக்குக் கடைக்கால் தோண்டியவர்களுக்கும் செங்கல் சுமந்தவர்களுக்கும் வயதாகும் என்பது ஞாபகம் வராது. எனக்கும் வந்ததில்லை. அந்த லைன் வீடுகளைத் தாண்டித்தான் 31 வருடம் ஷிப்டுக்குப் போயிருக்கிறேன்.

தொழில் புத்தி விடுமா? முதலில் ஓர் அட்டவணை தயாரித்தேன். முதியோர் ஓய்வூதியத்துக்கு எங்கே மனுக் கொடுப்பது, காப்பீட்டு அட்டைக்கு எங்கே போவது, முதியோர் உதவி எண் 14567, அது காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணம் கிடையாது. எல்லாம் கட்டம் கட்டமாக. பன்னிரண்டு பிரதி எடுத்து, லேமினேட் செய்து, பன்னிரண்டு கதவிலும் நானே ஒட்டினேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தபோது ஒன்று தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகியிருந்தது. இன்னொன்றால் ஒரு பாட்டி அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார். “நல்ல அட்ட சார், தண்ணி பட்டாலும் ஊறல” என்று பாராட்டும் கிடைத்தது. அங்கிருந்த முதியவர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவருக்குத் தெலுங்கும் ஒருவருக்குக் கன்னடமும்தான் வாசிக்க வரும். மூன்றாமவருக்குத் தமிழ் தெரியும், கண் தெரியாது.

மொழியில்தான் என் பெரிய சறுக்கல். ஓசூரில் ஒரே திண்ணையில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் உட்கார்ந்திருக்கும். நான் தொழிற்சாலைக்குள் தமிழும் ஓட்டை ஆங்கிலமுமாகக் காலம் தள்ளிவிட்டேன். லைனில் கடைசி அறையில் ஒரு பாட்டி, எல்லோருக்கும் ‘அவ்வா’. தெலுங்கு வீடு. அவரிடம் ‘முதியோர் உதவித்தொகை’ என்று என் தஞ்சாவூர்த் தமிழில் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். புரியவில்லை. ‘ஓஏபி’ என்றிருந்தால் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. எனவே பக்கத்து வீட்டுப் பையனிடம் தெலுங்கில் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டு, மறுநாள் போய் நிமிர்ந்து நின்று சொன்னேன்: “மீரு மொசலி காபட்டி பென்ஷன் வஸ்துந்தி.”

வயதானவர் என்பதற்குத் தெலுங்கில் ‘முசலி’. ‘மொசலி’ என்றால் முதலை. நீங்கள் முதலை என்பதால் பென்ஷன் வரும் என்று ஒரு பாட்டியிடம் நான் அரசாங்கத்தின் சார்பில் உறுதியளித்திருக்கிறேன்.

அவ்வா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீள்ளலோ உண்டே மொசலினா நேனு?” என்று கேட்டார். தண்ணீரில் கிடக்கிற முதலையா நான்? லைனே சிரித்தது. சிரித்து முடித்த பிறகு, வாசலில் பூக் கட்டிக்கொண்டிருந்த பூக்காரம்மா எனக்கு இன்னொரு பாடமும் எடுத்தார். ‘முசலி’ என்று சரியாகவே சொல்லியிருந்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதையில்லையாம். “அவ்வான்னு கூப்டா போதும் சார். நீ எதுக்கு அவங்க வயச சொல்ற?”

வயதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்! ஓய்வூதியத்துக்கு 60 நிறைந்திருக்க வேண்டும். அவ்வாவின் ஆதாரை வாங்கிப் பார்த்தால் பிறந்த ஆண்டு 1964 என்று இருந்தது. தேதி, மாதம் இல்லை, ஆண்டு மட்டும். சான்று இல்லாதவர்களுக்கு உத்தேசமாகப் போட்டுக்கொள்வது அது. நானும் 1964-ல் பிறந்தவன். எண்ணெய் போட்டு வாரினாலும் முன்நெற்றி மட்டுமே மிஞ்சியிருக்கும் என்னைப் பார்த்து, ஒரு பல்லும் இல்லாத அவ்வா, “அப்ப நாம ஒரே செட்டா?” என்று கேட்டார்.

இங்கேதான் என்னுள் இருந்த தர ஆய்வாளன் விழித்துக்கொண்டான். 2023 முழுக்க அவ்வாவின் உண்மையான வயதைக் கண்டுபிடிப்பதே என் வேலையாக இருந்தது. எக்செல்லில் ஒரு பக்கம் திறந்தேன். அவ்வா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல வரிசையில் ஏற்றினேன். இந்திராம்மாவைச் சுட்ட அன்று கடைக்குட்டி மகள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள், 1984 அக்டோபர். டைட்டன் கம்பெனி கட்டும்போது அவ்வா அங்கே சித்தாள், எண்பதுகளின் நடுவில். எம்ஜிஆர் செத்தபோது புருஷன் இருந்தார், அடுத்த மழைக்கு இல்லை, 1988. பெரிய மகனின் ஆதாரில் 1974 என்று இருந்தது. அரசாங்கக் கணக்குப்படி அவ்வா பத்து வயதில் தாயானவர். இந்த முரண்பாட்டை மஞ்சள் வண்ணமடித்து, 1956 என்று முடிவு கட்டி, இரண்டு பக்கத்தில் ஓர் அறிக்கையும் தயாரித்தேன். பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமென்றால் பிறப்புச் சான்றோ அதற்கு நிகரான ஒன்றோ வேண்டும். எக்செல் போதாது என்று ஆதார் மையத்தில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினார். நான் விடுவேனா? அவ்வா பிறந்ததாகச் சொன்ன சூளகிரிப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனேன். பள்ளிக்கூடமே போகாதவரின் பள்ளிச் சான்றைத் தேடி ஒரு முழு நாள் அலைந்துவிட்டு, ராகிக் களி சாப்பிட்டுத் திரும்பினேன். களி நன்றாக இருந்தது.

இப்படி ஒரு வருடமாகப் போராடிக்கொண்டிருந்தபோது 2024 பிறந்துவிட்டது. 1964-லிருந்து 60 வருடம் தானாகவே ஓடிப்போய், ஆதார்படியே அவ்வாவுக்குத் தகுதி வந்துவிட்டது. நான் எதுவுமே செய்யாமல் வீட்டில் உட்கார்ந்து தோசையை அளந்துகொண்டிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

இனி ஒரே ஒரு தடை. அந்த ஆதார் கர்நாடக முகவரியில் இருந்தது. அவ்வா பல வருடம் மகள் வீட்டில், சந்தாபுரத்தில் இருந்தார். பெங்களூரில் எங்கெங்கோ கட்டட வேலை. அட்டை எடுத்ததும் அங்கேதான். எல்லைப்புறத்தில் இது சாதாரணம்: ரேஷன் கார்டு இந்தப் பக்கம், ஆதார் அந்தப் பக்கம், உறக்கம் எந்தப் பக்கம் வேலையோ அந்தப் பக்கம். எல்லையைத் தாண்டினால் அங்கே ‘சந்தியா சுரக்ஷா’ என்று ஒரு திட்டம், 65 வயதுக்கு மேல். இங்கே நம்முடையது, 60-க்கு மேல். ஆதார்படி 65 ஆக அவ்வா 2029 வரை காத்திருக்க வேண்டும். எனவே நம் பக்கம்தான் என்று நானே தீர்மானித்தேன். அவ்வாவைக் கேட்டதாக ஞாபகமில்லை. மகனின் ரேஷன் கார்டில் அவர் பெயர் இருந்ததால் அதைக் காட்டி முகவரியை ஓசூருக்கு மாற்றினேன். புது அட்டை தபாலில் வந்தது. பழைய அட்டை கையில் இருந்தால் குழப்பம் வரும் என்று அதை வாங்கி என் ஃபைலில் பத்திரப்படுத்தினேன். அவ்வா அப்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அடுத்த படிவத்துக்குப் போய்விட்டேன்.

இ-சேவை மையத்தில் மனு பதிவு செய்தாயிற்று. இதற்குள் நான் இந்த ஓய்வூதியத்தின் வரலாற்றையே படித்து முடித்திருந்தேன். காமராஜர் காலத்தில், 1962-ல், மாதம் 20 ரூபாய் என்று தமிழ்நாட்டில் தொடங்கியது. 2011-ல் 1,000. அதன்பின் 12 வருடம் அசையாமல் இருந்து 2023 ஆகஸ்டில் 1,200. மத்திய அரசின் திட்டம் 1995-ல் வந்தது. 2007-லிருந்து அதற்கு இந்திரா காந்தி பெயர். 80 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதில் மத்தியப் பங்கு 200 ரூபாய். அது 2006-ல் நிர்ணயித்தது. அந்த 200 இன்னும் அப்படியே நிற்கிறது. இதையெல்லாம் ஒரு மாலை அவ்வாவுக்கு விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, “இந்திராம்மா பேர்ல இருநூறுதானா?” என்றார். இத்தனை நாளில் நான் படித்த கட்டுரைகள் எதுவும் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

மனு போட்டால் நேரில் விசாரணைக்கு வருவார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், அப்புறம் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று இருக்கும் தனி வட்டாட்சியர், இதுதான் வழி. லைன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று தொடர்புக்கு என் செல்பேசி எண்ணைக் கொடுத்திருந்தேன். அழைப்பு வந்தது. “லைன் வீட்டுப் பக்கம் ஒரே சகதி சார், நீங்க நம்ம வீட்டுக்கே வாங்க, அவ்வாவ கூட்டிட்டு வந்துடறேன்” என்றேன். இந்த யோசனையின் அழகில் நானே மயங்கியிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவ்வாவை அழைத்து வந்து ஹால் சோபாவில், ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தேன். மனைவி வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாள். அன்று பார்த்து அவளுக்கும் என் சேவையில் ஒரு ஈடுபாடு. அவ்வா நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார், பெரிய மனிதர் வீட்டுக்கு வருகிறோமே என்று. வாசலில் என் கார். மாடியில் டிஷ் ஆன்டெனா. வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “பிள்ளைங்க எத்தனை?” என்றார். அவ்வா வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: “ரெண்டு பையன், ஒரு பொண்ணு சார். பெரிய பையன் தங்கமானவர்.”

மனு நிராகரிக்கப்பட்டது. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆதரவற்ற ஒரு மூதாட்டியைக் காட்டுவதாகக் கூப்பிட்டு, மாடி வீட்டுச் சோபாவில் வெள்ளி டம்ளரோடு ஓர் அம்மாளைக் காட்டினால் அவர் வேறு என்ன எழுதுவார்? நானாக இருந்தால் சிவப்புப் பெயின்டே அடித்திருப்பேன்.

மற்ற தோல்விகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைலில் அவற்றுக்குத் தனித்தனிக் கவர் உண்டு.

நாலாவது அறைத் தாத்தாவுக்கு ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும். மாதம் ஒருமுறை அவரைக் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், வரிசையில் நின்று, மாத்திரை வாங்கி, வரும் வழியில் டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து இறக்கிவிடுவேன். எட்டு மாதம். ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் லைனுக்கு வந்து, “யார் சார் நீங்க? இவருக்கு யார் ரெண்டாவது செட் மாத்திரை வாங்கித் தர்றது?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார். மக்களைத் தேடி மருத்துவம். வீட்டுக்கே வந்து ரத்தக் கொதிப்பு பார்த்து மாத்திரை தருகிற திட்டம். 2021 ஆகஸ்ட் 5-ல் முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தது வேறெங்கும் இல்லை, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஐக்கிய நாடுகள் சபை 2024-ல் அதற்கு விருது கொடுத்தது எனக்குத் தெரியும். என் வீட்டுக்குப் பின்னால் மாதாமாதம் அது நடந்து வருவது தெரியாது. நல்லவேளையாக இரண்டாவது செட்டைத் தாத்தா விழுங்கவில்லை, டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ ஆசையா கூப்டறே. வேணாம்னா மனசு கஷ்டப்படுவே” என்றார். போண்டாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இன்னொரு பெரியவருக்கு மகன் சோறு போடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். கேள்விதான். உடனே 2007-ம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு, கோட்ட அளவிலான தீர்ப்பாயத்துக்கு ஒரு மனு எழுதினேன். மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர அதற்கு அதிகாரம் உண்டு, வக்கீல் தேவையில்லை. பெரியவர் கைநாட்டு வைக்கப் போனவர் நிறுத்தி, “பையன போலீஸ் புடிச்சிகினு போயிடுமா?” என்று கேட்டார். இல்லை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார். அந்த மகன் எங்கள் பேட்டைக்கே பிளம்பர். அன்றிலிருந்து என் வீட்டுக் கொல்லைக் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தது. அப்போது 70 கடந்தவர்களுக்கு ரேஷன் பொருள் வீடு தேடி வந்தது. இதிலாவது ஜெயிக்க வேண்டுமென்று 74 வயது அம்மாள் ஒருவரிடம் ஓடினேன். “கடைக்குப் போறத நிறுத்தினா நான் யாரப் பார்க்கறது? அங்கதான் எங்க ஆளுங்க எல்லாம் வருவாங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அரிசியை வீட்டுக்குக் கொண்டுவரலாம், வரிசையைக் கொண்டுவர முடியாது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

14567-க்கு ஒரு முறை நானே பேசினேன், அவ்வாவின் மனு என்னவாயிற்று, மேலே என்ன செய்யலாம் என்று கேட்க. எடுத்த பெண் பணிவாக, “அவங்ககிட்டயே கொடுக்கிறீங்களா சார்?” என்றார். கொடுத்தேன். அவ்வா இருபது நிமிடம் பேசினார். மருமகள், முழங்கால், 1988 மழை, செத்துப்போன ஒரு வெள்ளாடு. பென்ஷன் என்ற சொல்லே வரவில்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது முகம் தெளிந்திருந்தது. “நல்ல பொண்ணு. எந்த ஊரு அது?” என்றார். நான் கேட்க நினைத்ததை ஒரு தாளில் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தேன். அது ஏழாவது கவரில் இருக்கிறது.

இடையில் என் சொந்தக் கதை ஒன்று. எனக்கு வருவது வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் 1995-ம் வருட ஓய்வூதியத் திட்டப் பணம். சொல்லிக்கொள்ளும்படி பெரிய தொகை இல்லை. வருடத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். ஊருக்கெல்லாம் நான் அலைந்ததில் எனக்குக் கொடுக்க மறந்துவிட்டேன். பணம் நின்றது. இரண்டு மாதம் கழித்து மனைவிதான் பாஸ்புக்கைப் பார்த்துக் கண்டுபிடித்தாள். “கணக்குப்படி நீங்க இல்ல” என்றாள். ஓடிப்போய் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. முந்தின வாரம் மொட்டைமாடி ஒழுகலுக்கு நானே சிமென்ட் பூசியிருந்தேன். முகத்தைப் படம் பிடித்தும் செய்யலாம் என்று அங்கிருந்த பையன் சொன்னான். மூன்றாவது தடவைதான் என் முகத்தை இயந்திரம் ஒப்புக்கொண்டது.

சரி, அவ்வாவுக்கு வருவோம். 2025 ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாம்கள் தொடங்கின. எங்கள் பகுதிக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் வந்தது. நான் ஃபைலோடு கிளம்பத் தயாரானபோது அவ்வாவின் அறை பூட்டியிருந்தது. பூக்காரம்மா காலையிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டாராம். அடித்துப் பிடித்து ஓடினேன். மண்டபத்து வாசலில் இருவரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஃபைலை நீட்டினேன். பூக்காரம்மா அதைக் கையால் தள்ளினார், நோகாமல். “இது எதுக்கு சார்? ஆதாரு, ரேஷன் கார்டு, பேங்க் புக்கு. மூணு போதும். நீ அந்தச் சேர்ல உக்காரு.”

உட்கார்ந்தேன். பார்த்தேன். பூக்காரம்மாவுக்கு எந்த மேஜையில் எந்தத் துறை என்று கேட்காமலே தெரிந்திருந்தது. வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேரை அவருக்குத் தெரியும். தினம் பூ கொடுக்கிற வீடுகள். லைனில் யாருக்கு விதவை ஓய்வூதியம் வந்தது, யாருக்கு நின்றது, வங்கிக் கைக்கருவியோடு ஊருக்குள் வந்து பணம் கொடுக்கிற பையன் எந்தக் கிழமை வருவான், ரேகை விழாதவர்கள் எந்த விரலை வைக்க வேண்டும், எல்லாம் அவர் கைவிரல் நுனியில் இருந்தது. பின்னால் கணக்குப் பார்த்தேன்: நான் ஃபைல் வாங்குவதற்கு முன்பே அந்த லைனில் நாலு பேருக்கு அவர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவ்வாவுக்கும் அன்றே முடித்திருப்பாரே, ஏன் இத்தனை நாள் விட்டார்? கேட்டேன். “நீ பாத்துக்கறேன்னு சொன்னே இல்ல சார்” என்றார்.

விசாரணைக்கு இந்த முறை அவர்கள் லைன் வீட்டுக்கே போனார்கள். சகதியில் நடந்துதான் போனார்கள். நான் அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை. மனைவி கதவைத் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். சில வாரங்களில் உத்தரவு வந்தது.

தாம்பாளத்தில் இனிப்போடு போனேன். என் பங்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை, ஆனாலும் போனேன். அவ்வா வாசலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஒரு மைசூர்பாகை வாயில் ஊற வைத்துக்கொண்டே, “சார், அந்தப் பழைய கார்டு குடு” என்றார்.

“எந்தக் கார்டு?”

“அந்தச் சந்தாபுரத்துக் கார்டு.”

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. நம் பக்கத்தில் 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. பெண்ணாக இருந்தால் போதும், அட்டை கேட்பதில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-லிருந்து சக்தி திட்டம். அங்கேயும் டிக்கெட் இல்லை, ஆனால் அந்த மாநிலத்து முகவரி உள்ள அட்டை காட்ட வேண்டும். அவ்வா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஜூஜூவாடி வரை நம் பஸ்ஸில் போய், எல்லையை நடந்து தாண்டி, அத்திப்பள்ளியில் அவர்கள் பஸ் ஏறி, ஒரு பைசா செலவில்லாமல் சந்தாபுரத்தில் மகள் வீட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். பேத்திக்கு அங்கே தலைவாரிப் பின்னிவிடுவது அவர் வேலை. நான் முகவரியை மாற்றி, பழைய அட்டையை வாங்கி வைத்ததிலிருந்து கண்டக்டர்கள் காசு கேட்டார்கள். வாரம் ஒன்று என்றிருந்தது இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. ஒன்றரை வருடம். எக்செல்லில் அவ்வாவின் வரவு செலவையெல்லாம் போட்டிருந்தேன். பஸ் என்று ஒரு வரிசையே அதில் இல்லை.

“ஏன் அவ்வா சொல்லல?”

“அன்னிக்கே சொல்ல வந்தேன். நீ பேப்பர் திருப்பிகினு இருந்தே.”

எனக்குள் 31 வருடத்து ஆய்வாளன் தொண்டையைச் செருமினான். “அது இப்ப செல்லாத முகவரி அவ்வா. அதக் காட்டறது தப்பு.”

அவ்வா வெற்றிலையை மடித்து வாயின் ஓரத்தில் வைத்தார். “1964-ன்னு போட்டது சரியா?”

பதில் சொல்லத் தெரியாமல் வீட்டுக்கு வந்து ஃபைலை எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். ஒவ்வொரு கவராகப் புரட்டினேன். அறிக்கை, எக்செல், ஏழாவது கவர்க் கேள்விகள், நிராகரிப்புக் கடிதம். “மூணாவது கவர் சார்” என்றார் அவ்வா. “நீ வெக்கறப்ப பாத்தேன்.” மூணாவது கவரில்தான் இருந்தது. ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. பிளம்பரிடம் கேட்க முடியாததால் குழாய்க்குச் சுற்ற வாங்கிய டேப்தான் சட்டைப்பையில் இருந்தது. அதைக் கிழித்து ஒட்டினேன். கோணலாக ஒட்டிக்கொண்டது. அவ்வா வாங்கி இடுப்புச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை எத்தன மணி பஸ்ஸு அவ்வா? நானும் வேணா கூட வந்து...”

“நீ எதுக்கு சார்?” என்றார். “உனக்கு டிக்கெட் எடுக்கணும்.”